சந்தனத்துக்குப் பின்னால் சிவப்பு விளக்கு

ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை, தெரிந்தேதான் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மீதியைக் கேட்டதும் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். இந்த முதல் வரியை மட்டும் சந்தேகப்பட வேண்டாம்.

பேய், ஆவி, குறி, பரிகாரம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. மின்பொறியியல் படித்தவன். பிளக்கைப் பிடுங்கினால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாவிட்டால் எதுவும் ஓடாது, என் மதம் அவ்வளவுதான். ஒரு மில்லின் கணினிப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் கம்பெனிக்கு மேனேஜராகப் போனேன். எண்ணிப் பார்த்தால் எல்லாருமாகச் சேர்த்து ஒரு வேனில் அடங்கிவிடுவோம்.

அங்கே ஸ்டெல்லா என்று ஒரு பெண் இருந்தாள். வெள்ளகோவில் பக்கம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள், அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவள்தான். ஜாவா அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. கம்பெனியில் எல்லாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அவள் மட்டும்தான் அதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக்காரர் எங்களுக்கு வேலை கொடுத்திருந்தார். குழந்தைகள் உடுப்பில் அச்சடிக்கும் படங்கள், யானை, வாத்து, பூ, எழுத்து என்று பல வருடச் சேமிப்பு. தாள்கள் மக்கிப்போய்க்கொண்டிருந்தன, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினிக்குள் வைக்க வேண்டும். அவ்வளவையும் சுருக்கி ஒரே ஜிப் கோப்பாக வைத்துக்கொள்ள முடிவு செய்தோம். ஜிப் கோப்பு என்பது கட்டிவைத்த மூட்டை மாதிரி, ஒரு படம் வேண்டுமென்றால் அவிழ்க்க வேண்டும், திரும்பக் கட்ட வேண்டும். ஸ்டெல்லா இணையத்திலிருந்து ஒரு ஜாவா நூலகத்தை இறக்கினாள். நூலகம் என்றால் புத்தகம் இல்லை, யாரோ எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. அதைச் சேர்த்துக்கொண்டால் நம் புரோகிராம் ஜிப் கோப்பை மூட்டையாகப் பார்க்காது, சாதாரண ஃபோல்டராகப் பார்க்கும். உள்ளே போகலாம், வரலாம், எடுக்கலாம், வைக்கலாம். அவிழ்ப்பதும் கட்டுவதும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

அதற்கு ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. எந்தெந்தக் கோப்பை ஃபோல்டராக நினைக்க வேண்டும் என்பது ஒரு வரி. செய்த மாற்றத்தை எப்போது மூட்டைக்குள் எழுத வேண்டும் என்பது இன்னொரு வரி. அந்த வரியில் ஸ்டெல்லா 'உடனே' என்று வைத்திருந்தாள். ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன். ஒவ்வொரு படத்தையும் வைத்தவுடன் எழுதிவிடும். பத்திரம், ஆனால் ஆமை வேகம்.

திருப்பூர்க்காரர் வேலையைப் பார்க்க வருகிறார் என்றதும் அவள் இல்லாத நேரத்தில் அவள் மெஷினில் அந்த வரியை 'மூடும்போது' என்று நான் மாற்றினேன். புரோகிராம் பறந்தது. பார்த்தவர் மகிழ்ந்து போனார். பழையபடி மாற்றி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். மறந்தேன். அவளிடம் சொல்லவும் இல்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு. மில்லில் ஸ்பின்டில் நிற்கும், பட்டறையில் லேத் நிற்கும், எங்களுக்குக் கணினி. எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் விஜயதசமிக்குத்தான் தொடுவோம். முதலாளி ராகு காலத்துக்கு முன்னால் பூஜை முடிய வேண்டும் என்று பரபரத்தார். பொரியும் பூவும் வாங்க ஸ்டெல்லாவை நான்தான் கடைக்கு அனுப்பினேன். படியிறங்கும்போது அவள் திரும்பிச் சொன்னாள்.

"சார், என் மெஷின்ல புரோகிராம் ஓடிட்டிருக்குதுங்க. சும்மா ஆஃப் பண்ணிப்போடுங்க, ஒண்ணும் ஆகாது. அதெல்லாம் அப்பப்ப சேவ் ஆயிருமுங்க."

அவள் தன்னுடைய வரியை நம்பிச் சொன்னாள். நான் போய்ப் புரோகிராமை மூடினேன். அது திரையிலிருந்து மறைந்தது. ஆனால் பெட்டியின் முகப்பில் ஹார்ட் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே 'கரகர'வென்று எழுதும் சத்தம். ராத்திரியும் மூடாமல் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம், நாள்கணக்கில் சேர்ந்ததையெல்லாம் அப்போதுதான் கட்டத் தொடங்கியிருக்கிறது. நான் அதைப் பார்த்தேன். "ஏனுங்க சார், ஐயர் தட்டோட நிக்கறாருங்க" என்று முதலாளி குரல் கொடுத்தார். விளக்கைப் பார்த்துக்கொண்டே மெயின் சுவிட்சை இறக்கினேன்.

ஜிப் கோப்பில் பொருளடக்கம் கடைசியில் இருக்கும். முழுதும் எழுதி முடித்த பிறகுதான் அது எழுதப்படும். விஜயதசமியன்று பார்த்தபோது மூட்டை பாதியில் நின்றிருந்தது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எவ்வளவு முயன்றும் திறக்கவில்லை. நகல் எடுத்து வைக்க சி.டி. எழுதும் கருவி எங்களிடம் இல்லை, ஃபிளாப்பியில் அது அடங்காது. ஸ்கேன் செய்த தாள்களைத் திருப்பூர்க்காரர் குப்பையில் போட்டிருந்தார்.

முதலாளியின் அறையில் நின்றோம். ஸ்டெல்லா அமைப்புக் கோப்பைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"இந்த வரி நான் வெச்சதில்லீங்க சார். நான் 'உடனே'ன்னுதானுங்க வெச்சேன்."

"உன்ற மெஷின்லதானே அம்மணி இருக்குது" என்றார் முதலாளி. என் பக்கம் திரும்பினார். "நீங்க மாத்துனீங்களா சார்?"

அந்தக் கேள்வி நேராக, மரியாதையாக என்னிடம் வந்தது. "இல்லீங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அவள் வெளியே போனதும் முதலாளி, "தோட்டத்து ஆளுக புள்ளைய நம்பி இத்தனை பெரிய வேலைய உட்டோமுங்க, நம்ம தப்புதான்" என்றார். அவர் அப்படித்தான் நம்புவார் என்பது எனக்கு முன்பே தெரியும். என் பொய்க்கு முட்டுக்கொடுத்தது அதுதான்.

பெங்களூரில் ஒரு கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது, அனுபவச் சான்றிதழ் மட்டும் கேட்டிருந்தது. 'கவனக்குறைவால் நீக்கப்பட்டார்' என்று முதலாளி சொல்ல, தட்டச்சு செய்தது நான். பெங்களூர்க்காரர்கள் மேற்கொண்டு எழுதவில்லை.

அடுத்த வருட ஆயுத பூஜை. இதிலிருந்துதான் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பூஜை காலையிலேயே முடிந்துவிட்டது. எல்லாரும் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் இருந்தேன், ஏனென்றால் யு.பி.எஸ். பேட்டரியைப் பழுதுபார்க்க காதர் பாய் வந்திருந்தார். கோட்டைமேட்டுக்காரர், எங்கள் கட்டடத்து மின்வேலை எல்லாம் அவர்தான். மெஷின்கள் நிற்கிற நாள் அவருக்கு வசதி.

"பூஜை போட்டதத் தொடக் கூடாதே பாய்" என்றேன்.

"பேட்டரிக்கு நீங்க பொட்டு வெக்கலீங்களே சார். அது எங்க ஆளு" என்று சிரித்துக்கொண்டே கம்பிகளைக் கழற்றினார்.

நல்ல வெயில். ஜன்னல் திறந்திருந்தது, கீழே பட்டுக்கடை வாசலில் உடைத்த பூசணிக்காயைச் சுற்றி ஸ்கூட்டர்கள் போவது தெரிந்தது. மெயின் இறக்கியிருந்தது. பேட்டரி தனியாகத் தரையில் கிடந்தது. துடைப்பதற்காக எல்லா மெஷின்களின் பிளக்கையும் காலையிலேயே பிடுங்கி, கம்பியைச் சுருட்டி மேலே வைத்திருந்தோம்.

முதலில் சத்தம்தான் வந்தது. 'கரகர'. ஸ்டெல்லாவின் பழைய மெஷின். நான் எலி என்று நினைத்தேன், நினைக்க விரும்பினேன். காதர் பாய் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"சார், இது ஓடுதுங்களே."

முகப்பில் பச்சை விளக்கு எரியவில்லை. மின்சாரம் வந்தால் முதலில் அதுதான் எரியும். சிவப்பு மட்டும் துடித்தது. அதன் மேல் யாரோ சந்தனத்தை அப்பியிருந்தார்கள், காய்ந்த சந்தனத்தின் வெடிப்புகளில் அந்தச் சிவப்பு வந்து வந்து போனது. காதர் பாய் சுருட்டிய கம்பியை எடுத்து, பிளக்கின் மூன்று கால்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது, வேலை செய்கிற மெஷினின் சூடு.

கொஞ்ச நேரத்தில் நின்றது. காதர் பாய் பேட்டரியை மாட்டாமலே கிளம்பினார். "நாளைக்கு வாரேனுங்க" என்றவர் படியில் நின்று, "யாரோட மெஷினுங்க அது?" என்று கேட்டார்.

மறுநாள் முதல் ஆளாகப் போய் அந்த மெஷினை ஓடவிட்டேன். ஒரு வருடமாகத் திறக்காத அந்த ஜிப் கோப்பு ஃபோல்டராக விரிந்தது. யானை, வாத்து, பூ, எழுத்து. ஒரு படம் குறையவில்லை. அமைப்புக் கோப்பைத் திறந்தேன். அந்த வரியை அவளுக்கு எதிரான சாட்சியாக நாங்கள் யாரும் தொடாமல் வைத்திருந்தோம். அதில் 'உடனே' என்று இருந்தது.

முதலாளி ஓடி வந்தார். "நீங்கதானுங்களே சரி பண்ணுனீங்க? எனக்குத் தெரியும், உங்களால மட்டும்தான் முடியும்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். பாருங்கள், அப்போதும் ஆட்டினேன். திருப்பூர்க்காரர் சால்வை போர்த்தினார். அதற்குப் பிறகு அலுவலகத்தில் எங்கே உட்கார்ந்தாலும் அந்த மெஷின் இருக்கிற பக்கம் முதுகைக் காட்ட முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வரியை மாற்றியது, விளக்கைப் பார்த்தது, பொய் சொன்னது. பிளக் இல்லாமல் ஓடியதை மட்டும் சொல்லவில்லை. "அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க சார், இப்ப எதுக்குக் கெளறிக்கிட்டு" என்றார். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததால் புதுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

அதை எடுத்துக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன். ஸ்டெல்லா ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். தறிச் சத்தத்தில் மெதுவாகப் பேச முடியாது. தனியாகக் கூப்பிட்டேன், "வேலை இருக்குதுங்க சார், இங்கயே சொல்லுங்க" என்றுவிட்டாள். அவள் மேசைக்கு முன்னால் நின்று கத்தினேன். கேட்கவில்லை என்று காதைக் காட்டினாள். இன்னும் உரக்கக் கத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. "அந்த வரிய மாத்துனது நான்தான், பழிய உன்மேல போட்டதும் நான்தான்" என்று நான் கத்தியது அந்த அமைதியில் கூடம் முழுவதும் கேட்டது. தறிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்டெல்லா பேனாவை மூடி வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க சார். நான் இல்லாதப்ப என் சீட்டுல உக்காந்தது நீங்க ஒருத்தர்தானுங்களே."

"ஏன் அப்ப சொல்லலே?"

"சொல்லியிருந்தா?" என்றாள். தறிக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

சான்றிதழை நீட்டினேன். படித்தாள், மடித்தாள், மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். "இத வாங்கிக்கறேனுங்க, இது என்னோடது. பெங்களூர்க்காரங்க இனிக் கூப்பிடப் போறதில்ல. நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் நீங்க எடுத்துக்கிட்டுப் போகாதீங்க."

கரண்ட் வந்தது. தறிகள் ஓடின. அவள் மறுபடி எழுதத் தொடங்கினாள். அந்த மெஷினைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டுப் பேய்க்கதையும் சொல்லவா என்று தோன்றியது.

அந்த வேலையை விட்டுவிட்டேன். கிளம்பும்போது அந்த மெஷினை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் கம்பெனி கழற்றி வைத்துக்கொண்டது. கம்பியை நானே வெட்டிவிட்டேன். இப்போது அது பின்னறையில் இருக்கும் வெறும் தகரப் பெட்டி. ஆயுத பூஜைக்கு என் மனைவி மிக்சிக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைக்கும்போது அதற்கும் வைத்துவிடுவாள். ஒவ்வொரு வருடமும் அன்று மத்தியானம் நான் அந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். நான் தூங்கப் போகிறேன் என்று என் மனைவி நினைக்கிறாள்.

சில வருடங்களுக்குப் பிறகு காதர் பாயைக் கடைவீதியில் பார்த்தேன். காங்கேயத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு யு.பி.எஸ். மாட்டப் போயிருந்தாராம். அதை நடத்துவது ஸ்டெல்லா. ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் கட்டடத்தில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டு அவரிடம் பேசியிருக்கிறாள்.

"என்னப் பத்திக் கேட்டுச்சுங்களா பாய்?"

"உங்களக் கேக்கலீங்க சார்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அந்த மெஷினத்தான் கேட்டுச்சு. 'பிளக் இல்லாமலேயே இன்னும் ஓடுதுங்களா'ன்னு."

நான் அவளிடம் சொல்லவில்லை. தான் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று காதர் பாய் அங்கேயே நடுத்தெருவில் சத்தியம் செய்தார். அவளுக்கு என்ன பதில் சொல்லியனுப்புகிறீர்கள் என்று என்னைக் கேட்டார்.

இன்றுவரை சொல்லியனுப்பவில்லை. ஓடுகிறது.