அத்திம்பேருக்கு ஆதாரம்

அறுபதுகளின் கடைசியில் நான் சென்னையில் பி.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குச் சின்ன காஞ்சிபுரம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அப்பா வரதர் கோயிலில் ஆழ்வார் பாசுரங்களை ஓதிப் பிரபந்தம் சேவிப்பவர். ஆயிரம் வருஷத்துக்கு முன் எங்கள் ஊரில் வாழ்ந்து, பெருமாளுக்குத் தினமும் கிணற்றுத் தண்ணீர் சுமந்த ஆசாரியரைப் பற்றி, நேற்றுத்தான் தெருவில் பார்த்துவிட்டு வந்ததுபோலப் பேசுவார்.

"அவர் நிஜமாவே இருந்தார்ங்கறதுக்கு என்னப்பா ஆதாரம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

அப்பா கல்வெட்டைச் சொன்னார், குருபரம்பரைக் கதைகளைச் சொன்னார். "இத்தனை காலமா அறுபடாம சொல்லிண்டு வரோமே, போறாதா?" என்றார். கதை எழுதினவர்கள் எல்லோரும் அவருடைய பக்தர்கள்தானே என்றேன். அப்பா மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

மிச்ச வாதத்தைச் சமையலறையில் அத்தையிடம் வைத்துக்கொண்டேன். அத்தை அப்பாவின் தங்கை. அவள் புருஷன், எங்கள் அத்திம்பேர், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சொந்த ஊரான திருப்புட்குழியை விட்டுப் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். அவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டுவிட்டார், வடக்கே பத்ரியில் இருக்கிறார் என்று புக்ககத்தார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள். பார்த்தவர் யாருமில்லை. பார்த்தவரைப் பார்த்தவர்கள் மட்டும் நிறையப் பேர்.

எங்கள் பேராசிரியர் சொன்ன விதியை அத்தைக்கு விளக்கினேன். பக்தர்கள் எழுதிய கதையில் பக்தர்களுக்கே சங்கடமான விஷயம் வந்தால், அது பெரும்பாலும் நடந்ததாகத்தான் இருக்கும். வேலை மெனக்கெட்டு யார் அதைக் கற்பனை செய்வார்கள்? ஆசாரியரின் மனைவியையே எடுத்துக்கொள். வேறு ஜாதிப் பெரியவர் ஒருவர் தங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனதும் அந்த இடத்தைக் கழுவிவிட்டாள். கிணற்றடியில் குருவின் மனைவியோடு சண்டை போட்டாள். கடைசியில் அவர் அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டுக் கோயில் குளத்தங்கரையில் காஷாயம் உடுத்திச் சந்நியாசி ஆனார்.

"அப்போ அவரை விட அவ இருந்தாங்கறதுதான் நிச்சயம்ங்கறே" என்றாள் அத்தை, வாழைக்காயை நறுக்கிக்கொண்டே. "அப்புறம் அவ என்ன ஆனா?"

எனக்குத் தெரியவில்லை. கதையில் அவளுக்கு அதற்குமேல் வேலையில்லை.

அந்த விடுமுறையிலேயே அத்தையின் மச்சினர், அத்திம்பேரின் தம்பி, திருப்புட்குழியிலிருந்து வைதிகக் காரியங்கள் செய்துவைக்கும் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருடைய பெண்ணுக்கு வரன் எதுவும் திகையவில்லை. வீட்டில் கரையேறாத ஆத்மா ஒன்று இருக்கிறது என்று யாரோ ஜோசியர் சொல்லியிருந்தார். காணாமல் போனவர் பன்னிரண்டு வருஷம் வரவில்லையென்றால் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து அவராகப் பாவித்துக் கொளுத்திக் காரியம் செய்துவிடலாம் என்று சாஸ்திரம். காரியம் முடிந்தால் அத்தைக்குக் குங்குமம் கிடையாது, பூ கிடையாது, தாலி கிடையாது. எங்கள் தெருவில் அந்த நாளிலும் தலைமுடியைக்கூட விட்டுவைக்காத வீடுகள் இருந்தன.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவர் விஷயத்தில் சந்தேகமே இல்லாத அப்பா, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியவர் விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அத்தை கூடத்துக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"அவர் சந்நியாசம் வாங்கிண்டுட்டார்னு நீங்கதானே சொன்னேள்?" என்று மச்சினரைக் கேட்டாள்.

"ஆமாம் மன்னி. அதுக்கென்ன?"

அத்தை வாத்தியார் பக்கம் திரும்பினாள். "சந்நியாசம் வாங்கிண்டவருக்குத் தர்ப்பையில பண்ணிக் கொளுத்தலாமா?"

வாத்தியார் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தவர் அப்படியே மூடினார். "அது எப்படிம்மா? சந்நியாசம் வாங்கிக்கறச்சயே தன் காரியத்தைத் தானே பண்ணிண்டாச்சு. அவாளுக்கு தஹனமே கிடையாது" என்றார்.

மச்சினருக்கு முகம் சிவந்துவிட்டது. காரியம் நடக்க வேண்டுமானால், இல்லை, அண்ணா சந்நியாசி இல்லை, எங்கேயோ ஓடித்தான் போனார் என்று அவர் சொல்லியாக வேண்டும். அதுவும் பெண்ணுக்கு வரன் தேடுகிற சமயத்தில், வாத்தியார் காதுபட. அதைவிட அண்ணா பத்ரியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். காபியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு அடுத்த தையிலேயே கல்யாணம் ஆயிற்று. அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மச்சினரும் வாத்தியாரும் வந்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அத்தையிடம் கேட்டேன். "அத்திம்பேர் நிஜமாவே சந்நியாசம் வாங்கிண்டாரா அத்தை?"

அத்தை கையிலிருந்த புடவையை மடித்து முடித்தாள்.

"போறச்சே எங்க கல்யாணத்துப் பட்டு அங்கவஸ்திரத்தைப் பெட்டியிலேர்ந்து எடுத்துண்டு போனார்டீ. சரிகை போட்டது. காஷாயம் கட்டிக்கப் போறவருக்கு அது எதுக்கு?"

"இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார் கேட்டா?" என்றாள் அத்தை. மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டு எழுந்தவள் கொஞ்சம் நின்றாள். "உங்க ஆசாரியரோட ஆத்துக்காரியும் ஏதாவது தெரிஞ்சு வச்சிண்டிருந்திருப்பா. அவ பொறந்தாத்துக்குப் போய் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டா."