ஒரே கையில் நாற்பத்துமூன்று கையெழுத்து

சரோஜம் பாறசாலைப் பக்கத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத்து படித்ததெல்லாம் சபையின் ஞாயிறு பள்ளியில்தான். இருபத்தாறு வயதில் தேர்வெழுதித் திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். தேர்வுப் பிரிவில் பல ஆண்டுகள் விடைத்தாள் கட்டுகளோடு கழிந்தன. பிறகு ஆராய்ச்சித் திட்டங்களின் நிதிப் பிரிவுக்கு மாற்றினார்கள். இந்தச் சம்பவம் நடந்தபோது அவர் அங்கே செக்‌ஷன் ஆபீசர். ஓய்வு பெற ஒன்றரை ஆண்டு பாக்கி.

அந்தப் பிரிவின் வேலை கேட்பதற்குச் சுலபம். டெல்லியிலோ வேறெங்கோ இருக்கும் நிறுவனம் ஓர் ஆராய்ச்சிக்குத் தவணை தவணையாகப் பணம் அனுப்பும். ஒரு தவணை தீர்ந்ததும், கொடுத்த பணம் கொடுத்த காரியத்துக்கே செலவாயிற்று என்று ஒரு பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் அதற்கு யூசி என்று பெயர். யூசி போகாவிட்டால் அடுத்த தவணை வராது. தவணை வராவிட்டால் அந்தத் திட்டத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சம்பளம் இருக்காது. யூசியில் கடைசியாகக் கையெழுத்திடுபவர் பெரிய அதிகாரி. ஆனால் சரோஜம் 'சரிபார்த்தேன்' என்று எழுதாத கோப்பு அவர் மேசைக்கே போகாது.

பேராசிரியர்களிடம் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. ஒருவர் தன் அறைக்கு ஏசி வாங்கிவிட்டு, பில்லில் 'வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி' என்று எழுதி வாங்கி வந்தார். கருவியை நேரில் பார்க்க வேண்டும் என்று சரோஜம் போய் நின்றார். அந்தக் கதை வெகுநாள் கேன்டீனில் ஓடியது.

பிப்ரவரியில் டாக்டர் பத்மப்ரியாவின் கோப்பு வந்தது. பத்மப்ரியா திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வளர்ந்தவர். பொதுச் சுகாதாரத் துறைப் பேராசிரியர். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தசோகை எவ்வளவு இருக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. பரிசோதனைக்கு வந்த பெண்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்று, ஆளுக்கு நானூறு ரூபாய் ஈடு கொடுக்கத் திட்டத்தில் இடம் இருந்தது. நாற்பத்துமூன்று பேர். பதினேழாயிரத்து இருநூறு ரூபாய். லட்சக்கணக்கில் ஓடிய அந்தக் கோப்பில் அது மிகச் சின்னத் தொகை.

பணம் பெற்றுக்கொண்டவர்களின் பட்டியல் தமிழில் இருந்தது. அந்தப் பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் சரோஜம் ஒருவர்தான். கூட்டுத்தொகை சரிதானா என்று மட்டும் பார்த்துவிட்டு அவரும் பக்கத்தைத் திருப்பியிருக்கலாம். ஆனால் கண்ணில் பட்டுவிட்டது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் குட்டி வட்டம் போடுகிற ஒரு கை. வள்ளியம்மாள், மாரியம்மாள், செல்லம்மாள் எல்லாருடைய தலையிலும் அதே வட்டம். பரிசோதனைக்குச் சம்மதித்து அந்தப் பெண்கள் கொடுத்த படிவங்களை வரவழைத்துப் பார்த்தார். அதில் செல்லம்மாள் வைத்திருந்தது கைநாட்டு.

பட்டியலை எடுத்துக்கொண்டு பத்மப்ரியாவின் அறைக்குப் போனார்.

"மேடம், இதுல ஒப்பு போட்டிருக்கது எல்லாம் ஒரே ஆளாக்கும்."

"என்ன சொல்றேள் சரோஜம்? நம்ம ப்ராஜெக்ட் பொண்ணு நீது நேர்ல போய்க் குடுத்துட்டு வந்திருக்காளே."

"நாற்பத்துமூணும் ஒரே கை. நீங்களே பாருங்க."

பத்மப்ரியா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆடிட்டருக்குத் தமிழ் வராது. டெல்லிக்காராளுக்கும் வராது. இதை யார் வாசிக்கப் போறா?"

"நான் வாசிச்சுப் போட்டேனே மேடம்."

நீதுவை அழைத்தார்கள். திட்டத்தில் உதவியாளராக இருந்த இருபத்தைந்து வயதுப் பெண். நெய்யாற்றின்கரைத் தமிழ்க் குடும்பம். பேசத் தொடங்கியதுமே குரல் உடைந்தது. "அன்னைக்கு பயங்கர மழை சேச்சி. ரெண்டு மணி பஸ் போயாச்சுன்னா பின்ன வண்டி இல்ல. கொறச்சு பேரே வந்திருந்தாங்க. ராஜமணி அக்கா கையில காசு மொத்தமும் கொடுத்துட்டு எறங்கிட்டேன். லிஸ்டை அடுத்த வாரம் போய் வாங்கினேன். எல்லாத்துலயும் ஒப்பு இருந்தது. நான் நோக்கல."

"காசு அவங்களுக்குக் கிட்டிச்சா?"

"கிட்டியிருக்கும் சேச்சி."

'இருக்கும்' என்பதை வைத்து சரோஜத்தால் எதுவும் எழுத முடியாது. நேரில் போய்ச் சரிபார்க்க எழுத்து மூலம் அனுமதி வாங்கினார். அந்த வாரச் சனிக்கிழமை தம்பானூரில் காலை பஸ் ஏறி, நீதுவோடு விதுரா வழியாக மேலே போனார்.

ராஜமணி தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கிய, உரக்கப் பேசும் பெண். தோட்டத்தில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். பட்டியலைக் காட்டியதும் எதையும் மறைக்கவில்லை.

"நான்தாம்மா போட்டேன். எல்லாரும் வேலைக்குப் போயிட்டாளுக. இந்தப் பொண்ணு கையெழுத்து வேணும் வேணும்னுச்சு. எனக்கு எழுத வரும். போட்டேன்."

"அவங்க பேருல நீங்க போடலாமா?"

"பணத்தைக் குடுத்தாச்சுல்ல? அதுக்குப் பொறகு கையெழுத்து யாரு போட்டா என்ன?"

"யாருக்காவது கிடைக்காம போயிருந்தா, இந்தத் தாளைப் பாத்து எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் சரோஜம்.

பள்ளிக்கூடக் கட்டிடத்தில் ஒரு பெஞ்சு போட்டுக்கொண்டு, பெண்களை ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்துக் கேட்டார். எவ்வளவு வந்தது, யார் கொடுத்தது, எப்போது. சொன்னதைத் தமிழில் எழுதி, உரக்க வாசித்துக் காட்டி, அதன் கீழே அவர்களையே கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். மத்தியானத்துக்குள் முப்பத்தொன்பது பேர் வந்து போனார்கள். எல்லாருக்கும் நானூறு முழுசாகக் கிடைத்திருந்தது. பாக்கி நான்கு பேர் பணம் வருவதற்கு முன்பே வேலை தேடி அம்பாசமுத்திரம் பக்கம் இறங்கிவிட்டார்கள்.

"அந்த நாலு பேரு பணம்?"

ராஜமணியின் குரல் முதல் தடவையாக இறங்கியது. "எங்கிட்டதான் இருந்துச்சு. வந்தா குடுப்போம்னு வச்சிருந்தேன். செல்லம்மாளுக்கு நெஞ்சுவலி வந்திருச்சு. விதுரா ஆஸ்பத்திரிக்கு ஜீப்புக்காரன் முன்பணம் கேட்டான். அந்த ஆயிரத்து அறுநூறையும் தூக்கிக் குடுத்தேன்."

"செல்லம்மா இப்பம்?"

"இப்பத்தான உங்க முன்னால உக்காந்து கைநாட்டு வச்சுட்டுப் போனா. அந்தா நிக்கிறா பாருங்க."

குழாயடியில் நின்றிருந்த செல்லம்மாள் தன் பெயர் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைய போலீஸ்ல புடிச்சுக் குடுப்பீகளாம்மா?" என்றார் ராஜமணி.

"அப்படி ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க சொன்னதை நான் எழுதணும்."

"எழுதுங்க. ஜீப்புக்குத்தான்னும் எழுதுங்க. நான் தின்னுட்டேன்னு ஆயிரக்கூடாது."

அதையும் எழுதினார். ராஜமணி தன் பெயரைத் தானே ஒருமுறை எழுதினார்.

இறங்கும் பஸ்ஸில் நீது ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். விதுரா தாண்டியதும் கேட்டாள்: "சேச்சி, இது எழுதினா என் ஜோலி போகுமா?"

"எனக்குத் தெரியாது மக்களே," என்றார் சரோஜம். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

திங்கட்கிழமை நடந்தது நடந்தபடி குறிப்பு எழுதினார். பழைய பட்டியல் ஒருவரே போட்டது. முப்பத்தொன்பது பேருக்குப் பணம் போனது உறுதி. ஆயிரத்து அறுநூறு ரூபாய் அனுமதியில்லாத செலவு, ஆகவே அதைத் திட்டக் கணக்கில் திரும்பக் கட்ட வேண்டும். குறிப்பைப் படித்த பத்மப்ரியா சரோஜத்தின் அறைக்கே வந்துவிட்டார்.

"ஆயிரத்தறுநூறு ரூபாய்க்காக என்னோட ரெண்டு வருஷத்து வேலையை நிறுத்தப் பாக்கறேளா? ஒரு உசுரைக் காப்பாத்தின பணம் அது."

"அதையும் எழுதியிருக்கேன் மேடம். இப்பம் நாமளே சொன்னா அது வெறும் தப்போட போயிரும். நாளைக்கு அவங்க கண்டுபிடிச்சா கள்ளக் கணக்கு ஆயிரும். அப்பம் அந்த அக்காளும் மாட்டும், நீதுவும் மாட்டும்."

மறுநாள் பத்மப்ரியா தன் கையிலிருந்து ஆயிரத்து அறுநூறைக் கட்டி, ரசீதை ஆள் மூலம் அனுப்பினார். பிறகு இரண்டு மாதம் வராந்தாவில் எதிரே வந்தால்கூடத் தலையசைக்கவில்லை.

டெல்லியிலிருந்து உடனே ஒப்புதல் வரவில்லை. ஒரு கேள்வி வந்தது, பதில் போனது. மறுபடி ஒரு கேள்வி. ஜனவரியிலிருந்தே நீதுவுக்குச் சம்பளம் இல்லை. ஏப்ரலில் அவள் எர்ணாகுளத்தில் ஒரு தனியார் லேபில் சேர்ந்துவிட்டாள். போகும் அன்று சரோஜத்திடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

சாப்பிடும்போது கணவர் யோசுவாவிடம் சொன்னார்: "நான் பேசாம இருந்திருந்தா அந்தப் பிள்ளை போயிருக்காது."

யோசுவா அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "போயிருக்காதுதான்," என்றார். "ஆனா ஒப்பு போட்டுட்டு நீ வீட்ல வந்து கெடந்து சங்கடப்படுவ. ரெண்டுல ஒண்ணு."

ஜூன் முதல் வாரம் கடிதம் வந்தது. முப்பத்தொன்பது பேரின் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டார்கள். திரும்பக் கட்டிய பணத்தையும் குறித்துக்கொண்டார்கள். இனிமேல் பணம் அந்தந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்று ஒரு வரி. மாதக் கடைசியில் தவணை வந்தது. நீது வேலை பார்த்த மாதங்களின் சம்பள நிலுவையை முதல் வேலையாக அனுப்பி வைத்தார் சரோஜம்.

பத்மப்ரியா அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டத்தைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் முன் சரோஜத்திடம் கொண்டுவந்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

"அவசரத்துக்கு வண்டிச் செலவுன்னு ஒண்ணு சேக்கலாமா?"

"முன்னாலயே சேத்தா ஒரு பிரச்னையும் இல்ல மேடம்."

"அப்போ எந்த ஹெட்டுல, எந்தச் செலவுத் தலைப்புல வரும்னு எழுதிக் குடுங்கோ."

சரோஜம் பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரமே நீது போனில் கூப்பிட்டாள். "சேச்சி, சம்பளம் கிட்டி. மொத்தமும் கிட்டி."

"இங்க உன் இடம் காலியாத்தான் கெடக்கு. திரும்பி வாறியா மக்களே?"

"இல்ல சேச்சி," என்றாள் நீது. தயங்கிவிட்டுச் சொன்னாள்: "இவிட எல்லா மாசமும் ஒண்ணாந் தேதி சம்பளம் வருது."

உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி போனை வைத்தார் சரோஜம்.