மாடிப்படி விளக்கின் நடு ஸ்க்ரூ

முடிவெட்டுவது அவர் தொழில். கையில் கிடைத்ததைக் கழற்றிப் பார்ப்பது சுபாவம். சைக்கிள் மணி, தண்ணீர்க் குழாய், கடையிலுள்ள சுழல்நாற்காலி எதுவும் தப்பியதில்லை. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, மனைவி கீழறையில் படுத்திருந்தபோது அந்தக் கை மாடிப்படி விளக்குக்குப் போயிற்று. படிக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என அதற்கு இரண்டு சுவிட்ச்; மேலே இருந்த பழையதை எடுத்துவிட்டுப் புதிதை மாட்டினார். அன்றிலிருந்து விளக்கு தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டது.

"படி ஏறலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னைக்கு நான் என் ரூமுக்குப் போறேன்," என்றாள் மனைவி.

"லைட் சரியாகாம ஒரு படி ஏறக்கூடாது," மகள் கறாராகச் சொன்னாள். "மேல அணைச்சா கீழ வந்து போட முடியல, கீழ அணைச்சா மேல போய்ப் போட முடியல. அப்பா, வயர்மேனக் கூப்பிடுங்க."

"சாயந்திரம் வரைக்கும் பொறும்மா."

மனைவி வாக்கரை உருட்டிக்கொண்டு போய்க் கீழ் சுவிட்சருகே நின்றாள். "திரும்பக் கழட்டாதீங்க. மொதல்ல அது என்னதான் பண்ணுதுன்னு பாப்போம். மேல போங்க."

மேல் சுவிட்சைக் கீழே தள்ளி வைத்தால், அவள் தட்டத் தட்ட விளக்கு எரிந்து அணைந்தது. மேலே தள்ளினால் அவள் எப்படித் தட்டினாலும் இருட்டுதான்.

"ரெண்டு சுவிட்சும் சேர்ந்து பேசிக்கணும். ஒண்ணு பேசுறத இன்னொண்ணு கேக்க மாட்டேங்குது," என்றார் அவர்.

"கீழ யாரும் கைவைக்கல. நீங்க கைவெச்ச எடத்துல பாருங்க. பழைய சுவிட்ச் எங்க?"

அதைத் தூக்கிப்போட அவருக்கு மனம் வருமா? சட்டைப்பையில் இருந்தது. மெயினை அணைத்துவிட்டு, புதியதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் மூன்று ஸ்க்ரூ. பழையதில் விளக்குக்குப் போகும் ஒயருக்கான பொது ஸ்க்ரூ நடுவில். புதியதிலோ பொது ஸ்க்ரூ என்ற குறி ஓரத்து ஸ்க்ரூவின் பக்கத்தில் போட்டிருந்தது.

"நடுவுல இருந்தத நடுவுலதானே மாட்டினேன்!"

"முடி வெட்டும்போது ஆளப் பாத்து வெட்டுவீங்க. இங்க மட்டும் பாக்காம காப்பியடிச்சுட்டீங்க," என்றாள் மனைவி கீழிருந்தே.

நடு ஒயரையும் ஓரத்து ஒயரையும் இடம் மாற்றி முடுக்கினார். மெயினைப் போட்டார்கள். மகள் நம்பாமல் கீழும் மேலும் தானே ஓடித் தட்டிப் பார்த்தாள். பிறகுதான் அம்மாவிடம் கைத்தடியைக் கொடுத்தாள்.

கீழே விளக்கைப் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முன்வைத்து அவள் ஏறினாள். மேலே போய்த் தன் கையாலேயே அணைத்தாள். அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என் கட்டில்ல என்ன இது, ஃபேனா?"

"பாதிதான் பிரிச்சிருக்கேன்."

"மீதிய கீழ கொண்டுபோய்ப் பிரிங்க. எனக்குக் கால் நீட்டணும்."