இருபத்தேழு பேரும் ஐந்து வரியும்

வாசகசாலையின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ, தெருவுக்கு வரும் செய்தியெல்லாம் முதலில் அவனிடம் வரும். தப்பு நடந்தால் அதுவும் கடைசியில் அவனிடமே வந்து நிற்கும். சாவி வைத்திருந்து என்னைப் போல் சிரமப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லூர் வாசகசாலை வகுப்புக்கு வந்தவர்கள்: சமயநல்லூரிலிருந்து ரயிலில் வரும் வாத்தியார், ஜட்கா வண்டி ஓட்டும் சங்கிலி, தறி நெய்யும் சுப்பையா, தையற்காரர் காதர் பாய், சாவிக்காரனான நான். ஆக ஐந்து பேர். வராதவர் ஒருவர்: தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் பெருமாயி. அவள் அன்று அழகர்கோவிலுக்குப் போயிருந்தாள். பர்மாவில் குண்டு விழுந்து, அங்கிருந்த நம் ஜனங்கள் கால்நடையாகத் திரும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தும் இரண்டும்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துகொண்ட பெரியவர்களுக்கான வகுப்பு அது. அந்த வாரத்துப் பத்திரிகைகளைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுப்போம். அதில் ஒரு செய்தியைப் படித்து, சிலேட்டில் ஐந்து வரியில் சுருக்கமும், அதன் கீழே இரண்டு வரியில் தன் கருத்தும் எழுத வேண்டும். வாத்தியார் கேட்பதற்கு முன்னால் சிலேட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். முப்பத்தொரு வருஷம் ஒரு கிட்டங்கியில் நூல் கட்டுகளை எண்ணியவன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது, எண்ண வரும். ஆகவே வரிகளை எண்ணினேன். ஆறாவது வரி வந்தால் அழிக்கச் சொல்வேன். நன்றாக அமைந்த சுருக்கத்தை ஒரு கனமான நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன்.

சுப்பையாவுக்கு ஒருமுறை நூல் தட்டுப்பாட்டுச் செய்தி கிடைத்தது. தறிகளுக்குச் சீக்கிரம் நூல் வந்து சேரும் என்று அதில் போட்டிருந்தது. அவன் எழுதியது ஒரே வரி: ‘நூல் வரும் என்கிறார்கள்.’ கருத்து என்ற இடத்திலும் ஒரு வரிதான்: ‘வரட்டும்.’ ஐந்து வரியாவது வேண்டாமா என்று கேட்டேன். அவன் வீட்டில் தறி நின்று பதினேழு நாளாகியிருந்தது. சிலேட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினான்.

“நூலே இம்புட்டுத்தாண்ணே வருது. நான் எங்கிட்டுப் போயி அஞ்சு வரி நீட்டுறது?”

எழுதாத இரண்டு வரி

காதர் பாய் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவருடைய எழுத்து தையல் போட்டாற்போல் நேராக இருக்கும். ஒருநாள் அவருக்கு வந்த தாளில், ஆற்றில் பரிசல் கவிழ்ந்து ஒரு குடும்பமே போன செய்தி இருந்தது. ஐந்து வரி அளவாக எழுதியிருந்தார். கருத்துக்கான இடம் காலி. இரண்டு வரி குறைகிறது என்று சிலேட்டின் ஓரத்தில் குறித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். எழுதவில்லை. என் நோட்டில் அன்று அவர் பெயருக்கு எதிரே ‘குறைவு 2’ என்று இருக்கிறது.

“மவுத்தானவங்க செய்திக்கு நான் என்னத்தக் கருத்துச் சொல்றதுங்க? அந்த ரெண்டு வரி சும்மாவே கெடக்கட்டும்.”

பெருமாயி சேர்ந்தது

பெருமாயி வகுப்பில் சேர வந்தபோது, எதற்குப் படிக்க வேண்டும் என்று வாத்தியார் கேட்டார். அவள் புருஷன் ரங்கூனில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அவன் அங்கே யாரிடமாவது சொல்லிக் கடுதாசி எழுதுவான். இவள் இங்கே யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுவாள். நடுவில் இரண்டு பேர் இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏழு மாதத்தில் படித்துவிட்டாள். அவள் படித்து முடித்த சமயத்தில் கடுதாசி வருவது நின்றுபோனது.

பேரேட்டில் எழுத அவள் புருஷன் பெயரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். இன்னொரு தடவை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ‘பெருமாயி, புருஷன் ரங்கூன்’ என்று எழுதிக்கொண்டேன். வேறு யாரும் கேட்கவும் இல்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரங்கூனில் குண்டு விழுந்த செய்தி அவளுக்கே வந்துவிட்டது. தாளை மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுதினாள். ஐந்து வரி சரியாக இருந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் இல்லை. அதுதானே முக்கியம், அதை விடலாமா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எண்ணிக்கையை எழுதுனா அதுல எங்க வீட்டு ஆளையும் நானே சேத்து எண்ணுன மாதிரி இருக்குங்கய்யா. விட்டுருங்க.”

சங்கிலியின் சிலேட்டு

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. சங்கிலிக்குக் கிடைத்த தாளில், பர்மாவிலிருந்து நடந்து வந்து ஒரு முகாமில் தங்கியிருப்பவர்களின் பட்டியல் வந்திருந்தது. சங்கிலி எதையும் பாதியில் விடாதவன். பெயரும் ஊருமாகச் சிலேட்டின் முன்பக்கம் நிரப்பி, பின்பக்கமும் நிரப்பி, மரச்சட்டத்திலும் ஒரு பெயரை எழுதியிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன். இருபத்தேழு. எண்ணினேனே தவிர, படிக்கவில்லை.

“பட்டியல் செய்தி ஆகாதுப்பா. எத்தனை பேருன்னு போடு, போதும்” என்றேன். அவன் எச்சில் தொட்டு இரண்டு பக்கத்தையும் சட்டத்தையும் அழித்தான். பிறகு எழுதிய ஐந்து வரியில் நடந்து வந்தது, பசி, மழை, காய்ச்சல், முகாம் எல்லாம் இருந்தன. முகாம் இருக்கும் ஊர் ஆறாவது வரிக்குப் போனதால் அதையும் எடுக்கச் சொன்னேன். அழகான சுருக்கம் என்று வாத்தியார் பாராட்டினார். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். சங்கிலி மட்டும் வெறும் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்புட்டுப் பேரையும் நானே கூப்புட்டு ஒக்கார வச்சு, நானே எந்திரிச்சுப் போங்கன்னு சொன்ன மாதிரி இருக்குண்ணே.”

மறு ஞாயிறு

அடுத்த வாரம் பெருமாயி வந்தாள். அழகர்கோவில் தீர்த்தமும் துளசியும் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். வராத வாரத்துச் சுருக்கத்தை நோட்டிலிருந்து படிக்க வேண்டும் என்பது வகுப்பு முறை. ஐந்து வரியையும் சத்தமாகப் படித்தாள். ‘இருபத்தேழு பேர் முகாமில் இருக்கிறார்கள்’ என்ற இடத்தில் நின்றாள்.

“பேரு போட்டிருந்துச்சா?” என்று கேட்டாள்.

போட்டிருந்தது என்று நான்தான் சொன்னேன். அவள் சங்கிலியின் சிலேட்டை வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு பெயரை எழுதினாள். வாயால் சொல்லாததைக் கையால் எழுதி அவனிடம் நீட்டினாள். ‘ஒச்சப்பன்.’ சங்கிலி அதைப் பார்த்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

“இந்தப் பேரை நான் எழுதுனேன், தாயி. கடைசியா எழுதுனது. சிலேட்டுல எடம் இல்லாம சட்டத்துல எழுதுனேன். பக்கத்துல செல்லூருன்னும் இருந்துச்சு. ஒங்க வீட்டு ஆளுன்னு தெரியாமப் போச்சே.”

மிளகாய்ப் பொட்டலம்

எந்த ஊர் முகாம் என்று சங்கிலிக்கு நினைவில்லை. அழிக்கச் சொன்ன எனக்கும் நினைவில்லை. யுத்தத்தால் தாளுக்குப் பஞ்சம். பழைய பத்திரிகைகள் திங்கட்கிழமை காலையிலேயே தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போய்விடும். கடையில் அந்தத் தாள் இல்லை. வாத்தியார் நகரத்துக்குள் வேறொரு வாசகசாலைக்குப் போய்ப் பார்த்தார். அங்கே அந்தப் பட்டியலை மட்டும் யாரோ பிளேடால் அறுத்து எடுத்துப் போயிருந்தார்கள். அவர்களுக்கும் யாரோ வர வேண்டியிருந்திருக்கும்.

பிறகு நாங்கள் ஆறு பேரும் செல்லூர்ச் சந்துகளைப் பிரித்துக்கொண்டோம். நான் என் வாழ்நாளில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டியவனில்லை. அன்று நாற்பத்து மூன்று கதவுகளைத் தட்டி, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் பொட்டலம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மாள் விஷயம் கேட்டதும், இருந்த பருப்பையெல்லாம் முறத்தில் கொட்டிவிட்டுத் தாள்களை நீட்டினாள். பொழுது சாயும் வேளையில் காதர் பாய் ஒரு மிளகாய்ப் பொட்டலத்தோடு வந்தார். பட்டியலின் மேல்பகுதி மட்டும் இருந்தது: தலைப்பு, முகாமின் ஊர், முதல் நான்கு பெயர்கள். ஒச்சப்பன் அந்த நான்கில் இல்லை. ஊர் கிடைத்தது.

காதர் பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டே தாளை என் கையில் கொடுத்தார்.

“மொளகா நெடிங்க, வேற ஒண்ணுமில்ல. படிங்க, சத்தமாப் படிங்க.”

பதில் கார்டு

முகாமுக்குப் பெருமாயிதான் கார்டு எழுதினாள். புருஷன் பெயர், ஊர், வயது, நெற்றியில் இருக்கும் தழும்பு. எத்தனை வரி என்று நான் எண்ணவில்லை. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. வாசகசாலை விலாசத்துக்கு வந்ததால் நான்தான் முதலில் படித்தேன். பட்டியலில் கண்ட இருபத்தேழு பேரில் இருபத்து நான்கு பேரை உறவினர் அழைத்துச் சென்றுவிட்டனர்; இருவர் காய்ச்சலில் காலமாயினர்; மீதி ஒருவர். அவ்வளவுதான். பெயர் இல்லை. என்னைப் போல் ஒருவன் அந்த முகாமிலும் சாவி வைத்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

கார்டை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். செத்த இருவர் என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கார்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அந்த ஒருத்தருக்கும் கூப்புட ஆள் வரலைல்ல. யாராயிருந்தாலும் கூட்டியாந்துர்றேன். நாளைக்கே போறேன்.”

ஸ்டேஷனிலிருந்து வந்த வண்டி

வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, தம் மனைவியையும் அழைத்துக்கொண்டு பெருமாயியோடு ரயிலேறினார். ஐந்தாம் நாள் காலையில் சங்கிலியின் ஜட்கா ஸ்டேஷனிலிருந்து வந்து வாசகசாலை வாசலில் நின்றது. முன்னால் வாத்தியாரும் அவர் மனைவியும். பின்னால் வைக்கோல்மேல் ஒருவன் படுத்திருந்தான், முகமெல்லாம் எலும்பு. பெருமாயி அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். புருஷனே ஆனாலும் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். நான் கிட்டே போனேன். நெற்றியில் தழும்பு இருந்தது. ஆனாலும் தழும்பை வைத்து முடிவு செய்துகொள்ள மனம் ஒப்பவில்லை. உன் பேர் என்னப்பா என்று கேட்டேன். அவன் கண்ணைத் திறந்து, கொஞ்சம் யோசித்து, ‘ஒச்சப்பன்’ என்றான். நான் அதைப் பேரேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அவன் கண்ணெதிரே எழுதினேன். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

“வழி நெடுக எங்கள எண்ணுனாங்கய்யா, தலைய தலையத் தொட்டு எண்ணுனாங்க. பேரைக் கேட்டு எழுதுனவங்க ரெண்டே பேருதான். அந்தப் பேப்பர்காரரு ஒருத்தரு, இப்ப நீங்க.”

ஐந்து வரிக் கணக்கை நான் இன்றுவரை விட்டவனில்லை. ஆனால் நானே எண்ணி நானே அழிக்கச் சொன்ன இருபத்தேழு பெயர்களில் எனக்குத் தெரியவந்தவை பொட்டலத்து நான்கும் ஒச்சப்பனும் ஆக ஐந்துதான், தெரியாமல் மிச்சம் இருப்பவை இருபத்திரண்டு.