ராஜராஜேஸ்வரி வாசலில் கரடி

சீவலப்பேரி வடக்குத் தெருவில் மாரித்தாய் வருகிறாள் என்றால் தெருநாய்கூட எழுந்து இடம் மாறிப் படுக்கும். ஊர் வயலெல்லாம் குனிந்து நடவு நட்டதில் அவள் முதுகு வளைந்ததே தவிர நாக்கு வளையவில்லை. புருஷன் காசிலிங்கம் செத்துக் கிடந்தபோது அழ வந்தவர்களிடம், "நல்ல மனுசன்தான். ஆனா குளிக்கவே மாட்டாரு. ஆத்தங்கரையில பொறந்து என்ன பிரயோசனம்?" என்று கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னவள்.

அப்படிப்பட்டவள் இந்தப் புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போட்டுக்கொண்டாள். தசராவுக்கு வேஷம் கட்டி, வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுத்து, அதை அம்மன் உண்டியலில் சேர்ப்பதாக நேர்ச்சை. மாலை போட்டவர்கள் யாரையும் ஏசக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. தெருவே வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒரு வெள்ளாடு வந்து அவளுடைய கீரைப்பாத்தியை மேய்ந்தபோது, "போம்மா, போ" என்றாள். அதைக் கேட்ட பக்கத்து வீட்டு முத்துராணி பதறி ஓடிவந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

எதற்கு நேர்ச்சை என்று எத்தனை பேர் கேட்டும் மாரித்தாய் சொல்லவில்லை. சொன்னால் மானம் போய்விடும். நேர்ச்சை அவளுக்காக இல்லை. தெருக்கோடி வீட்டு ராஜராஜேஸ்வரிக்காக. அவளோடு இவளுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

ஒரு காலத்தில் இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க முடியாது. எருமை வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து, அக்கரை வெள்ளரித் தோட்டத்தில் கைவைத்துவிட்டு, அதே வாலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். ஒருநாள் ராஜராஜேஸ்வரிக்கு மடியிலிருந்த வெள்ளரிப் பிஞ்சை விட மனசில்லை, வாலை விட்டுவிட்டாள். மாரித்தாய் எட்டிப் பிடித்ததில் கையில் அகப்பட்டது அவளுடைய சடை. சடையைப் பிடித்தே கரைக்கு இழுத்து வந்தாள். "அன்னைக்குப் போன முடி இன்னும் முளைக்கல" என்று பிள்ளை பெற்ற பிறகும் ராஜராஜேஸ்வரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு நின்றது அவள் மகள் கல்யாணத்தில்தான். மாப்பிள்ளை தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தான். தாலி கட்டக் குனிந்தபோது தலைப்பாகை நழுவி விழுந்தது. கெட்டிமேளம் ஓய்ந்த நேரம் பார்த்து மாரித்தாய், "ஐயய்யோ, முழு வழுக்கைல்லா!" என்றாள். பந்தல் முழுக்கக் கேட்டது. இருப்பதைத்தானே சொன்னேன் என்று இவள் கட்சி. என் வாசலை இனி மிதிக்காதே என்று அவள் கட்சி. மகளுக்கு இரண்டு பிள்ளை பிறந்தும் அந்தச் சண்டை ஆறவில்லை.

போன சித்திரையில் ராஜராஜேஸ்வரிக்கு நெஞ்சுவலி வந்து பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாரித்தாய் ஒருவரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறிப் போனாள். கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். மூக்கில் குழாயோடு, வாய் மூடி, அடையாளமே தெரியாமல் கிடந்தாள் ராஜராஜேஸ்வரி. உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி அம்மனிடம் வழக்கு வைத்தாள்.

"இந்தா பாரு தாயீ, அவகூட எனக்கு இருக்க சண்ட இன்னும் முடியல. பாதியில நீ கூட்டிட்டுப் போயிட்டா மிச்சத்த நான் யாருகூட போட? ஒழுங்கா அனுப்பி வை. வேஷம் கட்டி பிச்ச எடுக்கேன்."

அம்மனுக்கும் பயம் இருக்கும்போல. அனுப்பிவிட்டாள்.

தசரா குழுவுக்குத் தலைவன் டீக்கடை பெருமாள்ராஜ். வேஷம் பேச மாரித்தாய் அவன் கடைக்குப் போனாள்.

"பெரியம்மை, உங்களுக்கு என்ன வேஷம்?"

"பிச்சக்காரி. செலவு இல்லாம முடியும்லா."

"அதுக்குப் பணிஞ்சு கேக்கணும். எங்க, ஒருக்கா கேட்டுக் காட்டுங்க."

மாரித்தாய் கையை நீட்டினாள். "ஏ, இருக்கா இல்லையா? இருந்தா போடு. இல்லன்னா வாயத் தொறந்து சொல்லித் தொலை!"

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

"பெரியம்மை, இது பிச்ச இல்ல, ஜப்தி."

"அப்பம் வாயே தொறக்காத வேஷமாக் குடுலே."

"கரடி ஒண்ணு கெடக்கு. ஆனா உள்ள வேகும்."

கரடி என்றதும் மாரித்தாய்க்கு ஒரு யோசனை ஓடியது. தெருவில் ஒரு வீட்டை விட்டாலும் நேர்ச்சை சேராது என்பது அந்தக் குழுவில் கட்டாயம். ராஜராஜேஸ்வரி வாசலுக்கும் போயாக வேண்டும். வேஷம் கட்டி வருபவர்களுக்கு இல்லை என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. ஆனால் வந்திருப்பது மாரித்தாய் என்று தெரிந்தால் அவள் கதவைச் சாத்தினாலும் சாத்துவாள். நேர்ச்சை அங்கேயே நின்றுபோகும். கரடிக்கு முகமூடி உண்டு. கரடி பேச வேண்டியதும் இல்லை.

வேஷம் கட்டிய அன்று நல்ல வெயில். உடம்பெல்லாம் கறுப்பு நார் தைத்த உடுப்பு. கணுக்காலுக்குக் கீழே வெறுங்கால். மேளம் முன்னால் போக, கரடி ஒவ்வொரு வாசலாக ஏறியது. பிள்ளைகள் மயிரைப் பிடுங்கின. கரடி பொறுத்துக்கொண்டது. முத்துராணி பயந்து அலறினாள். கரடி சிரிப்பை அடக்கிக்கொண்டது. தெருக்கோடி வாசலில் வந்து நின்றபோது உள்ளே வேர்வை ஆறாக ஓடியது. மேளக்காரர்கள் வேப்பமரத்து நிழலுக்கு ஒதுங்கினார்கள்.

ராஜராஜேஸ்வரி சுளகில் அரிசியோடு வந்தாள். இளைத்திருந்தாள். கரடியை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். கரடி பையை விரித்தது. அவள் அரிசியைப் போடவில்லை. சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசற்படியில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"கரடியாரே, ஒரு சங்கடம். கேட்டுட்டுப் போரும். எங்க தெருவுல மாரித்தாய்னு ஒருத்தி இருக்கா. அவ நாத்து நட்டா பூராவும் மல்லாந்து கெடக்கும்."

கரடி உறுமியது.

"அவ புருசன் குளிக்காததுக்குக் காரணம் தெரியுமா? ஆத்துக்குப் போனா அங்கன இவ நிப்பாளேன்னு பயம்."

கரடி காலை மாற்றி வைத்தது. பல்லைக் கடிக்கும் சத்தம் வெளியே கேட்டது.

"சின்னப் பிள்ளையில எரும வாலக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது. ஒருநா ஆத்தோட போனா. நாந்தான் சடையப் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டேன்."

முகமூடி கழன்று வந்தது.

"ஏட்டி! புளுகுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? யாரு சடைய யாருட்டி பிடிச்சா? ரெண்டு வெள்ளரிப் பிஞ்சுக்கு உசுர விடப் பாத்தவ நீ!"

ராஜராஜேஸ்வரி அசையவில்லை. "வாட்டி. கால்விரலப் பாத்ததுமே தெரியும். பெருவிரல் மேல அடுத்த விரல் ஏறி உக்காந்திருக்க காலு இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு?"

மாரித்தாய் குனிந்து காலைப் பார்த்தாள். முகத்தை மூடத் தெரிந்ததே ஒழிய காலை மறைக்கத் தோன்றவில்லை. நேர்ச்சை போயிற்று என்று நினைத்தாள். ஆனாலும் விரித்த பையை மடக்கவில்லை.

"எதுக்குட்டி நேர்ச்சை?" என்று கேட்டாள் ராஜராஜேஸ்வரி.

"ஒரு எருமைக்கு. சாகக் கெடந்துது."

"உங்கிட்ட ஏது எரும? மாலையப் போட்டுக்கிட்டு பொய் சொல்லாத."

"பொய் இல்ல. எருமையேதான். பாளையங்கோட்டையில மூக்குல கொழாய் சொருவி வச்சிருந்தாவ. நான் கண்ணாடி வழியாப் பாத்தேன்."

ராஜராஜேஸ்வரி சுளகிலிருந்த அரிசியைக் கொஞ்ச நேரம் புடைப்பதுபோல் ஆட்டினாள். கல் ஒன்றும் இல்லாத அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எரும பொழச்சுக்கிட்டாக்கும்?"

"பொழச்சுக்கிட்டு. வாசல்ல உக்காந்து ஊர்ப் பொய்யெல்லாம் சொல்லுது."

சுளகு அப்படியே பைக்குள் கவிழ்ந்தது. ஒரு மணிகூட மிச்சம் வைக்கவில்லை.

"கரடி மூஞ்சிய மாட்டிட்டுப் போட்டி, பிள்ளைக உன் மூஞ்சியப் பாத்து பயந்துரும்" என்றாள் ராஜராஜேஸ்வரி. "மாலையக் கழத்துன பொறவு வா. கல்யாணத்துல பேசுன பேச்சுக்கு உனக்கு இருக்கு."

மாரித்தாய் முகமூடியை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நாலு எட்டு போனவள் நின்று திரும்பினாள். கரடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வாரேன். உம் மருமவன் வந்திருந்தா ஒரு தொப்பி போடச் சொல்லு. எனக்குக் கண்ணு கூசும்."

ராஜராஜேஸ்வரி எறிந்த சுளகு கரடியின் முதுகில் பட்டு விழுந்தது. மேளம் மறுபடியும் தொடங்கியது.