வரிசையின் கடைசிப் பலகை

ஒசாகாவில், ஆடும் புட்டிங் கடை வரிசையில்தான் நத்சுயோ அக்காவை முதன்முதலில் பார்த்தேன். தட்டில் வைத்தால் பத்து நொடி குலுங்கும் புட்டிங். ஒரு நாளைக்கு எண்பதுதான், ஆளுக்கு ஒன்று. ரேஷன் கடையில் செருப்பை வைத்து இடம்பிடித்து வளர்ந்து, எங்கள் தெருவிலேயே முதல் பட்டம் வாங்கியவன் நான். இனிப்புக்காக மூன்று மணி நேரம் நிற்பவர்களைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். ஜப்பானுக்கு வந்த ஆறாவது வருடம் நானும் நின்றேன்.

'வரிசை இங்கே முடிகிறது' என்ற பலகையைக் கடைசி ஆள் பிடித்திருந்து, அடுத்து வருபவரிடம் தரவேண்டும். கை நீட்டினேன். பலகையோடு நின்ற நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி தரவில்லை.

“நீங்க முன்னாடி போங்க தம்பி.”

“நீங்கதானேக்கா முதல்ல வந்தீங்க?”

“பரவாயில்ல, போங்க,” என்றார் அவர் பக்கத்தில் நின்ற ஒல்லி மனிதர்.

போனேன், காதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு. அக்கா, பல் மருத்துவமனை வரவேற்பாளர். அந்த ஒல்லி மனிதர் இகராஷி, ரயில் பெட்டி பழுதுபார்ப்பவர். மூன்று வருடமாக எந்தப் புதுத் தின்பண்டம் வந்தாலும் வரிசையில் சந்தித்து, கடை வாசலில் பிரிகிறவர்கள். பொட்டலம் கைக்கு வந்துவிட்டால் பேச்சுக்குச் சாக்கில்லை. வருகிற திங்கட்கிழமை இகராஷிக்குத் தூரத்து நியிகாட்டா ஊருக்கு மாற்றல்.

அதனால்தான் வருகிறவர்களையெல்லாம் முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

“இகராஷி சான், ஏதோ சொல்லணும்னீங்களே?”

“ஆமா... இன்னைக்கு வெயில் ஜாஸ்தி.”

“இது மூணாவது தடவை. மழை வந்தாத்தான் மாத்துவீங்களோ?”

கடைக்காரப் பெண் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். “மன்னிச்சுக்கோங்க, உங்களுக்கு முன்னாடியே எண்பது முடிஞ்சுது. பலகையைக் குடுங்க.”

அக்கா விடவில்லை. அவள் மரியாதையாக இழுத்தாள். இகராஷியும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். புட்டிங்கைவிட நன்றாகவே ஆடியது பலகை.

“நியிகாட்டாவுல ஒரு சோத்து உருண்டைக் கடை இருக்காம்,” என்றார் ஒரே மூச்சில். “மூணு மணி நேர வரிசையாம். என்னால தனியா நிக்க முடியாது!”

“எத்தனை மணிக்கு வந்து நிக்கணும்?” என்றார் அக்கா.

பலகையை விட்டுவிட்டு முதலில் கைதட்டியது கடைக்காரப் பெண்தான். பிறகு வரிசை முழுக்கத் தட்டியது.

என் பங்குப் புட்டிங், சொன்னால் கோபிப்பார்கள், சுமார்தான்.

இப்போது இருவரும் கல்யாணமாகி நியிகாட்டாவில் இருக்கிறார்கள். அக்கா அங்கேயும் ஒரு பல் மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறார். ஆடும் புட்டிங்கை இருவருமே இன்னும் சாப்பிட்டதில்லை.