சிரிப்பு வராத புத்தகம்

"மிஸ், சிரிப்பு வராத புக்கு ஒண்ணு குடுங்க."

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். எங்கள் வகுப்பு நூலகத்தின் முன் நின்று இப்படிக் கேட்டவள் ஆறாம் வகுப்பு பிரிசில்லா. நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்... ஒரு பச்சை பீரோ, அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த பீரோவுக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பவள் நான். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், அறிவுரை குறைவாக இருக்க வேண்டும், நாலு பக்கத்துக்கு ஒரு முறையாவது சிரிப்பு வர வேண்டும் — இது என் சட்டம். நான் முழுதாகப் படிக்காத எதுவும் உள்ளே போகாது. இந்த வருடம் ஐம்பது புத்தகம் படிக்கப்போவதாகச் சுவரில் சார்ட் வேறு ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள்தான் அதில் டிக் போடுவார்கள். பதினெட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏம்மா, சிரிச்சா என்ன?"

"நைனா நைட் ஷிப்ட்டு மிஸ். பகல்ல தூங்கினு இருக்கும். எங்க ஊடு ஒரே ரூமு. போன வாரம் நீங்க குடுத்த புக்கப் படிச்சிக்கினே சத்தமா சிரிச்சிட்டேன். நைனா முழிச்சிக்கினு என்னியே பாத்துது. அம்மா புக்கப் புடுங்கி மேல வெச்சிட்டாங்க. சிரிப்பு வராததா இருந்தா குடுங்க... இல்லாங்காட்டி வேணாம் மிஸ்."

புத்தகமே வேண்டாமாம்! பிள்ளையின் வயதைப் பார்க்கிறோம், வகுப்பைப் பார்க்கிறோம். வீட்டில் யார் தூங்குகிறார்கள் என்று யாராவது பார்க்கிறோமா? கும்மிடிப்பூண்டியில் எத்தனையோ வீடுகளுக்குப் பகல்தான் இரவு. இத்தனை வருடம் இங்கே வேலை பார்க்கிறேன், எனக்கு இது உறைக்கவே இல்லை.

தேடல் ஆரம்பித்தது. பள்ளிக்கு வர மீஞ்சூரில் ரயில் ஏறினால் எனக்கு ஜன்னலோரம் நிச்சயம். கூட்டமெல்லாம் எதிர்ப்பக்கம் சென்னைக்குப் போகிறதே! மடியில் புத்தகம், வெளியே நெல் வயல், கொக்குகள், அதற்கும் பின்னால் பனி மூடிய புகைபோக்கி... ரயிலின் ஆட்டத்தில், புத்தகத்தில் இருக்கும் குளம் எது, ஜன்னலில் போகும் குளம் எது என்று சில நேரம் தெரியாது. யாரோ தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கும். ஐம்பது, பதினெட்டு என்ற கணக்கெல்லாம் பொன்னேரி வருவதற்குள் மறந்துபோகும்.

எதிர் சீட்டில் தினமும் ஒருவர் கம்பெனி யூனிஃபார்மில் தூங்கிக்கொண்டு வருவார். அவர்தான் என் சோதனைக்கூடம். நான் படித்துச் சிரித்து, அவர் கண்ணைத் திறந்தால் அந்தப் புத்தகம் ஃபெயில், பாதியிலேயே மூடிவிடுவேன். பாவம், அந்த வாரத்தில் மூன்று முறை விழித்தார்.

கடைசியில் கிடைத்தது. குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பறவைகளைப் பற்றிய புத்தகம். பஞ்சு மாதிரி மெத்தென்ற நடை. சிரிப்பு? மருந்துக்கும் கிடையாது. பத்தொன்பதாவது டிக்கைப் பிரிசில்லாவே போட்டாள். நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வியாழக்கிழமை மதியம், பள்ளி கேட்டில் அவள் அப்பா. தூங்க வேண்டிய நேரம், கண்ணெல்லாம் சிவப்பு. பறவையைப் படித்தும் சிரித்துவிட்டாளா என்ன?

"பாப்பாவுக்கு இன்னா புக்கு மிஸ் குடுத்தீங்க?" என்றார் தயங்கியபடி. "ஊடு கம்முனு கீது. இப்பல்லாம் ஸ்கூல் லீவு நாள்ல கூட தூக்கமே வரல."

"சத்தம் இல்லைன்னா நல்லாத்தானே தூங்கணும்?"

"கம்பெனில ராத்திரி பூரா மிஷினு சத்தம் மிஸ். காலைல வந்து படுத்தா அதே சத்தம் காதுல ஓடிக்கினே இருக்கும். லீவு நாள்ல பாப்பா சிரிச்சா... அது நின்னுடும். அப்பால நல்லா தூங்குவேன்."

"அப்போ அன்னைக்கு முழிச்சுப் பார்த்தீங்களாமே?"

"ஆமா மிஸ். இன்னா புக்குனு கேக்கத்தான் பாத்தேன். அதுக்குள்ள அது பயந்துக்கினு மூடிட்ச்சு."

ஒரே அறையில், ஒருவர் தூங்க வேண்டுமே என்று ஒருத்தி சிரிப்பை அடக்கியிருக்கிறாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொருவர் தூங்காமல் படுத்திருந்திருக்கிறார். நடுவில் நான், மெனக்கெட்டுத் தேடி ஒரு மௌனத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்!

பீரோவிலேயே மிக மோசமாகச் சிரிக்க வைக்கும் புத்தகத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

நேற்று காலை, ரயிலில் இருபதாவது புத்தகம். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். எதிர் சீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். சட்டென்று புத்தகத்தை மூடி, "ஸாரி சார்" என்றேன்.

"அத்த விடுங்க மேடம்... இன்னா புக்கு அது?"